அம்மாச்சியின் குரல் ஏன் பிளே ஆகவில்லை?

போன மாசம் வீடு மாத்தும்போது என் பழைய போனோட மெமரி கார்டு ஒன்று கிடைத்தது. காலேஜ் படிக்கும்போது எல்லா போன் காலும் தானாக ரெக்கார்ட் ஆகிற மாதிரி ஒரு ஆப் போட்டிருந்தேன். கார்டில் அந்த ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதில் பதினாலு கால் எங்க அம்மாச்சியோடது. அவங்க இறந்து ஆறு வருஷம் ஆச்சு.

லேப்டாப்பில் டபுள் கிளிக் பண்ணினேன். பிளே ஆகவில்லை. பிரவுசரில் இழுத்துப் போட்டேன். ம்ஹூம். ஃபைல் பேருக்குப் பின்னாடி இருந்த ஏஎம்ஆரை எம்பி3 என்று மாத்திக்கூடப் பார்த்தேன். பேரை மாத்தினால் உள்ளே இருப்பது மாறாது என்று தெரியும். பதற்றத்தில் பண்ணிட்டேன்.

அந்த ஃபைலுக்குள்ளே என்னதான் இருக்கு? அதுதான் இன்றைய கதை.

எம்பி3 எந்தச் சத்தத்தையும் பிடிக்கும்: பாட்டு, மழை, ஹாரன். ஏஎம்ஆருக்குத் தெரிந்தது மனுஷன் பேசுறது மட்டும்தான். இதுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பிஷ்ணு அடால். கான்பூர்க்காரர், பெங்களூரு ஐஐஎஸ்சியில் இருந்தவர், 1961ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் சேர்ந்தார். அங்கே அவரும் மான்ஃபிரட் ஷ்ரோடரும் பேச்சை வேற மாதிரி பார்த்தார்கள். சத்தத்தை அப்படியே அனுப்ப வேண்டாம். இந்த நொடியில் தொண்டையும் வாயும் எந்த வடிவத்தில் இருக்கு என்று சில எண்கள், எந்தச் சத்தத்தை அதுக்குள்ளே ஊதணும் என்று ஒரு கோடுபுக்கிலிருந்து ஒரு எண். இதை மட்டும் அனுப்பினால், கேட்கிற பக்கம் குரலைத் திரும்பக் கட்டிக்கலாம்.

1985ல் இதை 'செல்ப்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், கோடுபுக்கில் பொருத்தமானதைத் தேடுவதற்கு ஏகப்பட்ட கணக்கு. ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க, அன்றைய சூப்பர் கம்ப்யூட்டரான க்ரே-1க்கே ரொம்ப நேரம் ஆனது! அடுத்து கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் கோடுபுக்கையே வேகமாகத் தேடுற மாதிரி மாத்தி அமைத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் ஏஎம்ஆர். 1999ல் மொபைல் நெட்வொர்க்குகளுக்கான தரமாக 3ஜிபிபி அதை ஏற்றுக்கொண்டது. சூப்பர் கம்ப்யூட்டர் திணறிய வேலை, பாக்கெட்டில் இருக்கிற போனுக்கு வந்துவிட்டது.

கணக்கைப் பாருங்க. ஏஎம்ஆர் பேச்சை 20 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டும். நல்ல குவாலிட்டியில் ஒரு துண்டுக்கு 244 பிட். ஒரு நிமிஷக் காலுக்கு 96,000 பைட். அதையே சுருக்காமல் வேவ் ஃபைலாக வைத்தால் 9,60,000 பைட். பத்து மடங்கு. குட்டி மெமரி கார்டு காலத்தில் ரெக்கார்டிங் ஆப்புகள் ஏஎம்ஆரைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

சரி, என் ஃபைல்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச சாஃப்ட்வேருக்கு ஏஎம்ஆர் புரியும். ஒரே வரி கமாண்ட். பதினாலும் வேவ் ஆக மாறியது.

"சாப்ட்டியாய்யா?"

அதே குரல். ஆனால் முழுசா இல்லை. ஏஎம்ஆர் நொடிக்கு 8,000 முறைதான் சத்தத்தை அளக்கும், சிடியில் அது 44,100. அதனால் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிப்போச்சு. பின்னாடி ஓடின கிரைண்டர், ரோபோ முனகுற மாதிரி கேட்டது. அது மனுஷக் குரல் இல்லையே, ஏஎம்ஆருக்கு அதை எப்படிச் சொல்றது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "சளி பிடிச்ச மாதிரி இருக்குடா" என்றாங்க. அப்புறம், "இன்னொரு தடவை போடு."

என்கிட்ட இப்போ நிறைய பேர் கேட்கிறது, ஏஐ வைத்து இதைத் தெளிவாக்க முடியாதா என்று. கேட்க நல்லா இருக்கும். ஆனால் அன்றைக்கே தூக்கிப் போட்ட சத்தம் திரும்ப வராது. சாஃப்ட்வேர் யூகிச்சு நிரப்பும். அது அம்மாச்சி பேசினது இல்லை.

உங்ககிட்டயும் இப்படி ஃபைல் இருந்தால், இரண்டு விஷயம். கேட்பதற்கு எம்பி3 ஆக்கிக்கோங்க, ஆனால் ஒவ்வொரு முறை எம்பி3 ஆக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் ஒரிஜினல் ஏஎம்ஆரை அழிக்காதீங்க, இரண்டு இடத்தில் காப்பி வைங்க. மெமரி கார்டு ரொம்ப நாள் தாங்கும் என்று நம்பாதீங்க.

கடைசியா ஒன்று. இந்த எபிசோடில் அம்மாச்சி குரலைப் போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீங்க. எடிட்டிங்கில் வைத்தேன், அப்புறம் எடுத்துட்டேன். அந்த கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகுது என்று அவங்களுக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் இருக்கட்டும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம் மக்களே.