கிராமபோன் முதல் கைப்பேசி வரை



இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோரிடம் ஒரு கைப்பேசி இருக்கும். தலைமையாசிரியர் உரையாற்றும்போது அது வாய் மூடியிருக்கும் என்றும் நம்புகிறேன்! அதில் இன்று எந்தப் பாட்டை வேண்டுமானாலும் கேட்கலாம். தாத்தா காலத்துப் பாட்டும் வரும். நேற்று வெளியான பாட்டும் வரும். இந்த வசதி எந்தெந்த வழியாக நடந்து வந்து நம் காதைச் சேர்ந்தது என்று கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். அந்த வழியில் ரப்பருக்கும் ஒரு பங்கு உண்டு.

1877ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடிசன் என்பவர் மனிதக் குரலைப் பிடித்து வைத்துத் திரும்பப் பேசவைக்கும் கருவியைச் செய்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1887இல், எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்தார். அவர் தொடக்கத்தில் விற்ற தட்டுகள் பல எதனால் ஆனவை தெரியுமா? கெட்டிப்படுத்திய ரப்பரால்! ஆனால் அது நம் தோட்டத்து ரப்பர் அன்று. அந்தக் காலத்தில் ரப்பர் பிரேசில் காடுகளிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. மலாயாவில் அது தோட்டப் பயிரானது 1890களின் நடுவில்தான். பிறகு ரப்பரை விட்டுவிட்டு அரக்கால் தட்டு செய்தார்கள். அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் விட்டுச்செல்லும் பிசின்; இந்தியாவிலிருந்து நிறையப் போனது. 1908இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்துவிட்டது.

அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். எஃகு ஊசி சீக்கிரம் தேய்ந்துவிடும். முறையாகப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் புது ஊசி மாற்றவேண்டும். கையால் சாவி கொடுக்கவேண்டும். லயத்து வீட்டில் இதெல்லாம் ஏது? கிராணி வீட்டில் ஒன்று இருந்தால் உண்டு. மற்றவர்களுக்குத் திருவிழாதான். கோயில் திருவிழாவின்போது மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தட்டுப் போடுவார்கள். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அடுத்த டிவிசன்ல போட்ட பாட்டு எங்க லயத்துல கேக்கும்" என்பார்கள்.

வானொலிக் கதை இன்னும் சுவையானது. சிங்கப்பூர் கால்டிகாட் குன்றிலிருந்து 1937இல் ஒலிபரப்புத் தொடங்கியது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பான்காரன் காலத்தில் வெளிநாட்டு வானொலியைத் திருட்டுத்தனமாகக் கேட்டவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்கள். 1943இல் சிங்கப்பூர் வந்த நேதாஜியின் பேச்சும் அதே வானொலி வழியாகத்தான் பரவியது. தோட்டத்து ஆணும் பெண்ணும் படையில் சேர்ந்ததை நாம் அறிவோம். போர் முடிந்து 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா பிறந்தது. அதன் தமிழ்ப் பகுதியின் வழித்தோன்றல்தான் இன்று நாம் கேட்கும் மின்னல் எஃப்எம்.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், அரசாங்கம் பட்டறி வானொலிப் பெட்டிகளைத் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் கொண்டுவந்து வைத்தது. ஜனங்கள் கம்யூனிஸ்டுகள் பக்கம் போய்விடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நம்மவர்கள் செய்தியையும் கேட்டார்கள். ஆனால் கூடி உட்கார்ந்தது பாட்டுக்காகத்தான் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். செலவு செய்தவன் நினைத்தது ஒன்று, கேட்டவன் எடுத்துக்கொண்டது வேறொன்று. இந்த விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தப் பெட்டிகளுக்குள் வால்வு என்ற கண்ணாடிக் குமிழ்கள் இருந்தன. அவை சூடேறினால்தான் வேலை செய்யும். சூடேற நிறைய மின்சாரம் வேண்டும். லயத்தில் மின்சாரம் இல்லை. எஞ்சின் போடும் தோட்டங்களிலும் இரவில் சில மணி நேரம்தான் வெளிச்சம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது. சூடேறத் தேவையில்லை, டார்ச் லைட்டுக்குப் போடும் பட்டறி போதும். நகரத்துக்காரர்களுக்கு அது சட்டைப் பையில் வைக்கும் ஒரு அழகுப் பொருள். நமக்கோ வீட்டுக்குள் முதன்முதலாக வந்த உலகம்! விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் செய்தி, மத்தியானம் நேயர் விருப்பம், இரவில் நாடகம் என்று ஒரு நாளின் நேரத்தையே அது வகுத்துக் கொடுத்தது.

ஆனாலும் வானொலி ஒரு வழிப் பாதை. அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம். நம் குரலை அதற்குள் போட முடியாது. இதை மாற்றியது கேசட். 1963இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. ஒலிநாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடும். பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் கேசட்டுக்குள் எத்தனை மீட்டர் நாடா இருக்கும்? மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 86 மீட்டர் வரும். ஒரு லயத்தின் நீளத்தையே உள்ளங்கையில் சுருட்டி வைத்த மாதிரி அல்லவா?

கேசட்டின் பெருமை நீளத்தில் இல்லை. அந்தச் சிவப்புப் பொத்தானில் இருக்கிறது. அதை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் ஊரிலிருந்த உறவுக்கும், வேறு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்த மகளுக்கும் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். "இந்தாம்மா, நான் ஒங்க அம்மா பேசறேன். மாமா நல்லா இருக்காரு. கோழி ரெண்டு செத்துப்போச்சு..." என்று போகும் அந்தக் கடிதம். பின்னால் சேவல் கூவும், குழந்தை அழும், யாரோ தண்ணீர்ப் பீலியில் வாளி வைக்கும் சத்தம் கேட்கும். எந்த வரலாற்று நூலிலும் இல்லாத தோட்டம் அந்த நாடாக்களில் இருக்கிறது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, தப்படிச்சுப் பாடும் காவடிப் பாட்டு, மேடை நாடகம் எல்லாவற்றையும் நம் மக்கள் பதிவு செய்தார்கள். சினிமாப் பாட்டுக்கு மேலேயே பதிந்தவர்களும் உண்டு. பாட்டு நின்று திடீரென்று பாட்டி குரல் வரும்.

இங்கேதான் ரப்பர் திரும்ப வருகிறது. டேப் ரெக்கார்டருக்குள் நாடாவை அழுத்தி இழுப்பது ஒரு சிறு ரப்பர் உருளை. மோட்டாரின் சுழற்சியைக் கொண்டுசெல்வது ரப்பர் பெல்ட். அந்த ரப்பர்தான் முதலில் கெடுகிறது. சில பெல்ட் இறுகி வெடிக்கிறது. சில தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்கிறது. மற்றப்படி ஒன்றும் ஆகாத கருவி, இரண்டு வெள்ளிச் சாமானுக்காக ஊமையாகிவிடுகிறது.

1979இல் வாக்மேன் வந்தது, நடந்துகொண்டே கேட்டார்கள். 1982இல் குறுந்தட்டு வந்தது. அதோடு ஒலி எண்ணாக மாறியது. ஒரு நொடி ஒலியை 44,100 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதுதான் அதன் சூட்சுமம். ஊசி உரசுவதில்லை, எண்ணுக்குத் தேய்மானமும் இல்லை. ஆனால் இடம் அதிகம் பிடித்தது. நான்கு நிமிடப் பாட்டுக்கு 40 மெகாபைட்டுக்கு மேல். அன்றைய கணினிக்கு அது யானைத் தீனி.

அந்த யானையை ஆட்டுக்குட்டியாக்கியவர்கள் ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிலையத்தார். எப்படி என்கிறீர்களா? புல்வெட்டும் எந்திரம் ஓடும்போது பக்கத்து மரத்துக் குருவி கத்துவது நமக்குக் கேட்பதில்லை அல்லவா? குருவி கத்துகிறது, காதுதான் விட்டுவிடுகிறது. பாட்டிலும் அப்படித்தான். பெரிய ஒலிக்குப் பின்னால் மறைந்துபோகும் சிறிய ஒலிகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு ஒதுக்கும் எண்களைக் குறைத்துவிட்டார்கள். 40 மெகாபைட் ஏறக்குறைய 4 ஆகச் சுருங்கியது. 1995 ஜூலையில் அதற்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்தில் பாசார் மாலத்தில் ஒரே தட்டில் 150 பாட்டு விற்றதற்கு இதுவே காரணம். (உரிமைத்தொகை யாருக்கும் போகவில்லை என்பது வேறு கதை.)

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 2001இல் ஐபாட் வந்தது. 2022இல் அதன் தயாரிப்பும் நின்றது. 2005இல் யூடியூப். 2013இல் ஸ்பாட்டிஃபை நம் நாட்டுக்கு வந்தது. இப்போது பாட்டை வாங்குவோர் குறைவு. மாதச் சந்தா கட்டுகிறோம். அல்லது விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். இது எதைப் போன்றது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வேலை இருக்கும்வரை லயத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். சந்தா நின்றால் சேர்த்து வைத்த பாட்டெல்லாம் சந்தாக்காரனுடையது அல்ல.

"இணையத்தில் போட்டுவிட்டால் அழியாது" என்று இளைஞர்கள் சொல்லக் கேட்கிறேன். 2019இல் மைஸ்பேஸ் என்ற தளம், பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாடல்களைத் தொலைத்துவிட்டதாக அறிவித்தது. 5 கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் போயின என்று செய்தி வந்தது. கேசட்டைப் பூஞ்சை தின்கிறது, நம் நாட்டுப் புழுக்கத்தில் அது தப்புவது அரிது. எண்ணாக மாறிய ஒலிக்குப் பூஞ்சை பிடிக்காது. ஆனால் ஒரே இடத்தில் மட்டும் வைத்திருந்தால் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் வைக்கவேண்டும். கைப்பேசியில் ஒன்று, விரலியில் ஒன்று, உறவினர் வீட்டுக் கணினியில் ஒன்று. புலனத்தில் வந்ததைப் புலனத்திலேயே விட்டுவிட்டால், கைப்பேசி மாறும்போது அதுவும் காணாமற்போகும்.

நம் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனபோது முதலில் குப்பைக்குப் போனவை பழைய கேசட்டுகள். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பிஸ்கட் டின்னில் கிடந்த ஒரு கேசட்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். மேலே 1984 என்று பேனாவால் எழுதியிருந்தது. அவளுடைய கொள்ளுப்பாட்டி பாடிய தாலாட்டு. தான் பால் வெட்டிய நிரையின் எண்ணும், கங்காணியின் கடுஞ்சொல்லும், ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே வருகின்றன. முதல் பக்கம் முழுவதும் கேட்க முடிந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டு நாலு நிமிடம் ஆவதற்குள் எங்கள் கருவியின் பெல்ட் அறுந்துவிட்டது. முதல் பக்கத்தை எம்பி3 ஆக்கி மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். இரண்டாம் பக்கத்தில் அவர் என்ன பாடினார் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.

இதன் பிறகு இதுவரை பதினான்கு கேசட்டுகள் பள்ளிக்கு வந்துள்ளன. ஆசிரியர் அறை அலமாரியில், உலர்த்தும் உப்புப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இருக்கின்றன. ஓடக்கூடிய டேப் ரெக்கார்டர் யார் வீட்டிலாவது இருந்தால், சற்றுப் பழுதானாலும் பரவாயில்லை, மாணவர் கையில் கொடுத்தனுப்புங்கள். கேசட் இருந்தாலும் அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டில் போட்டுப் பார்க்கவேண்டாம்; பழைய நாடா ஒருமுறை சிக்கினால் பிறகு வராது. மேலட்டையில் பேசுபவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். விழா முடிந்ததும் நான் ஆசிரியர் அறையில்தான் இருப்பேன்.