கடல் கடந்த அருட்பா

மேலைநாட்டு இசையில் சிம்பொனிக் கவிதை என்றொரு வகை உண்டு. இசைக்கருவிகள் பல ஒன்றுகூடி, சொல்லின் துணையின்றி, ஒரு காட்சியையோ கதையையோ உணர்த்துவது அதன் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரியரான லிஸ்ட் தோற்றுவித்த இவ்வகையைப் பிரெஞ்சு இசையாளர் பலர் வளர்த்தனர். அவர்களுள் மோரிஸ் தெலாஜ் (1879-1961) தமிழோடு உறவுகொண்டவர். ஆதலின் தமிழ்க் கவிஞர் அறியத் தக்கவர்.

ராவெலின் மாணவரான தெலாஜ், 'கடல் சொன்னது' என்னும் பொருள்படும் சிம்பொனிக் கவிதையை 1908-இல் இயற்றினார். பாரிஸின் தேசிய இசைச் சங்கம் அதனை ஏற்க மறுத்தது. அம்மறுப்பு, ராவெலும் நண்பர்களும் தனிச் சங்கம் ஒன்றை அமைப்பதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1910-இல் புதிய சங்கத்தின் நிகழ்ச்சிகள் தொடங்கின.

கடலைப் பாடியவர் கடல் கடந்து 1911-12-இல் இந்தியா வந்தார். அப்பயணத்தின் பயனாகப் பிறந்த 'நான்கு இந்துக் கவிதைகள்' 1914 ஜனவரி 14 அன்று புதிய சங்கத்தின் மேடையில் அரங்கேறியது. நான்கிற்கும் சென்னை, லாகூர், காசி, ஜெய்ப்பூர் என ஊர்ப்பெயர்களே தலைப்புகள். ஆயினும், சென்னை என்ற தலைப்பின்கீழ் உள்ளது பர்த்ருஹரியின் வடமொழிக் கவிதையின் பிரெஞ்சு வடிவம்; லாகூரின்கீழ் உள்ளதோ ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயின் பாட்டு. ஏட்டின் வழியே அவரைத் தமிழ் எட்டவில்லை.

குரலின் வழியே எட்டியது. அக்காலத்தில் கிராமபோன் இசைத்தட்டுகளால் புகழ்பெற்றிருந்தவர் கோயம்புத்தூர் தாயி. இராமலிங்க அடிகளின் அருட்பாவை அவர் இராகமாலிகையாகப் பாடிய இசைத்தட்டு தெலாஜைப் பெரிதும் ஈர்த்தது. அப்பாட்டை ஏறத்தாழ அப்படியே மேலை இசைக்குறிப்பில் எழுதி, 'ராகமாலிகா' என்றே பெயரிட்டார். சொற்களை அவர் மொழிபெயர்க்கவில்லை. பிரெஞ்சுப் பாடகியும் தமிழிலேயே பாட வேண்டும். தாள வாத்தியத்தின் ஒலி வேண்டி, பியானோவின் ஒரு கம்பியில் அட்டைத்துண்டைச் செருகி அதன் நாதத்தை அடக்கச் செய்தார். அமெரிக்கரான ஜான் கேஜ் பியானோக் கம்பிகளுக்கிடையே திருகாணிகளைச் செருகிப் புதுமை செய்ததற்குப் பல ஆண்டுகள் முந்தியது இது.

பாட்டு கடல் கடப்பது தமிழுக்குப் புதிதன்று. மணிவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாகப் போற்றப்படும் திருவெம்பாவை சயாம் அரசவை அந்தணரிடையே, பொருள் மறைந்த பின்னும் ஒலியாய் வாழ்ந்தது. அதனைக் கொண்டுசென்றவர் பெயரை வரலாறு காக்கவில்லை. அருட்பாவைப் பாரிஸுக்குக் கொண்டுசென்றவர் பெயரோ கிடைத்திருக்கிறது. 1874-இல் மறைந்த வள்ளலாரின் சொல், நாற்பது ஆண்டுகளுக்குள் அயல்நாட்டு இசைஞர் ஒருவரின் செவியை அடைந்ததென்றால், அது ஒரு பெண்ணின் குரலால். எழுதியவரைப் போற்றும் தமிழுலகம் பாடியவரையும் உடன் வைத்துப் போற்றுதல் கடன்.