சனிவார் வாடாவும் எங்கள் வாடகை வீடும்

2008-ல் புனேவில் எங்களுக்குக் கிடைத்த முதல் வீடு சனிவார் பேட்டையில். மாடி ஜன்னலைத் திறந்தால் சனிவார் வாடாவின் மதில் தெரியும். (வாடா என்றால் மராத்தியில் மாளிகை. நம்ம ஊர் ‘வாடா போடா’ இல்லை.) அந்தப் பகுதிக்கு வாடகை ரொம்பவே குறைவு. ஏன் குறைவு என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. மரப்படிக்கட்டு, உயரமான கூரை, பின்பக்கம் ஒரு அறை. அதில் வீட்டுக்காரர் தன் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

மூன்றாவது வாரமே தங்கமணி ஆரம்பித்துவிட்டார். “ஏங்க, இந்த வீடு வேண்டாங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம் பின்னாடி ரூம்ல யாரோ நடக்கிற மாதிரி இருக்கு.”

“எலியா இருக்கும்மா.”

“எலி இப்படியா நடக்கும்?”

கீழ்வீட்டு ஆஜி வேறு தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் நாலே மாதத்தில் காலி பண்ணிவிட்டதாம். பௌர்ணமி ராத்திரியில் கோட்டைக்குள்ளிருந்து ஒரு பையன் அலறுகிற சத்தம் கேட்குமாம். “காகா, மலா வாச்வா!” சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்!

நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பையன் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மாளிகையைக் கட்டியவர் முதலாம் பாஜிராவ் பேஷ்வா. 1730 ஜனவரி 10, சனிக்கிழமை அஸ்திவாரம். 1732 ஜனவரி 22, அதுவும் சனிக்கிழமை, கிரகப்பிரவேசம். செலவு 16,110 ரூபாய் என்று கணக்கு சொல்கிறது. இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, “சனிக்கிழமையில எவன்டா வீடு கட்டுவான்? அப்புறம் விளங்குமா?” என்றாள். அவளுக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

அலறிய பையன் நாராயண்ராவ். பாஜிராவின் பேரன். அண்ணன் மாதவராவ் 1772 நவம்பரில் காசநோயில் இறந்ததும், 17 வயதில் பேஷ்வா ஆனவன். பதவிக்கு ஆசைப்பட்ட சித்தப்பா ரகுநாதராவ் அதே மாளிகைக்குள் காவலில் இருந்தார். 1773 ஆகஸ்ட் 30, கணபதி விழா நடக்கிற நேரம். கார்தி என்ற காவல் படைக்காரர்கள் சம்பள பாக்கி கேட்டுக் கூச்சல் போட்டபடி உள்ளே புகுந்தார்கள். நாராயண்ராவ் ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டான். விடவில்லை. குறுக்கே விழுந்து காப்பாற்றப் பார்த்த சாபாஜி டிலேகர் என்ற ஊழியரையும் சேர்த்தே வெட்டினார்கள். உடலைக் கொண்டுபோன வாசலுக்கு இன்றைக்கும் நாராயண் தர்வாஜா என்றுதான் பெயர்.

‘பிடியுங்கள்’ என்று ரகுநாதராவ் எழுதிய உத்தரவில் அவர் மனைவி ஆனந்திபாய் ஒரே எழுத்தை மாற்றி ‘கொல்லுங்கள்’ ஆக்கினார் என்று ஊரே சொல்லும். தராவே, மாராவே. ‘த’வை ‘ம’ ஆக்குவது என்று மராத்தியில் சொலவடையே உண்டு. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆண்கள் செய்த காரியத்துக்கு ஒரு பெண்ணைக் காரணமாக்குவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. ராம்சாஸ்திரி பிரபுணே என்ற நீதிபதி விசாரித்து, குற்றவாளி ரகுநாதராவ் என்றே சொன்னார். சொன்னது பேஷ்வாவாக உட்கார்ந்திருந்தவரின் முகத்துக்கு நேரே. அப்படி ஒருவர் இருந்ததற்காகவே அந்த ஊரை மன்னிக்கலாம்.

(இன்னொரு விஷயம். கொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நம் தஞ்சாவூரில் மராட்டிய ராஜா துளஜாவின் கோட்டை ஆற்காட்டு நவாபிடமும் கம்பெனிப் படையிடமும் விழுந்தது. 1773 அந்த வம்சங்களுக்கு நல்ல வருஷமாக இல்லை.)

கொலை நடந்தபோது நாராயண்ராவின் மனைவி கங்காபாய் கர்ப்பிணி. அடுத்த வருடம் புரந்தர் கோட்டையில் பிறந்த பிள்ளை சவாய் மாதவராவ், பால்குடிக் குழந்தையாகவே பேஷ்வா ஆக்கப்பட்டான். 1795 அக்டோபரில், 21 வயதில், அதே சனிவார் வாடாவின் மேல்மாடத்திலிருந்து விழுந்து இரண்டு நாளில் இறந்துபோனான். குதித்தானா, ஜுர மயக்கத்தில் விழுந்தானா என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில்.

அடுத்து அந்த வீட்டுக்கு வந்தவர்தான் நம்ம ஆள், இரண்டாம் பாஜிராவ். யார் என்கிறீர்கள்? ரகுநாதராவுக்கும் ஆனந்திபாய்க்கும் பிறந்த மகன்! அப்பா செய்ய வைத்த கொலை நடந்த வீட்டில் பிள்ளை குடியேற வேண்டும். 1796 டிசம்பரில் பேஷ்வா ஆனார். அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சுக்ரவார் பேட்டையில் ஒரு மாளிகை கட்டினார். பிறகு சுமார் 2 லட்ச ரூபாயில் விஷ்ராம்பாக் வாடா கட்டினார். சனிவார் வாடாவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1807-ல் கட்டி முடிந்ததும் அங்கே குடிபோனார். கடைசி வரை அவர் விரும்பித் தங்கியது அங்கேதான்.

நாராயண்ராவின் ஆவி தொந்தரவு செய்ததாகவும், பரிகாரமாக அவர் புனேவைச் சுற்றி மாமரங்களாக நட்டுத் தள்ளியதாகவும், பிராமணர்களுக்கு அள்ளி அள்ளித் தானம் கொடுத்ததாகவும் கதை. ராஜ்யம் போய் கான்பூர் பக்கம் பிட்டூருக்கு அனுப்பப்பட்ட பிறகும் ஆவி கூடவே வந்ததாம்!

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுத்தியது. எல்லோரும் நாராயண்ராவின் பேயைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கொலை நடந்தபோது இவர் பிறக்கவே இல்லை. ஆனால் அதே வாசலில் இவரே செய்த காரியம் ஒன்று உண்டு. 1801 ஏப்ரலில் விட்டோஜி ஹோல்கர் என்ற கலகக்காரரை யானைக் காலில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். பாஜிராவ் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் என்கிறார்கள். விட்டோஜியின் சகோதரர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் சும்மா இருப்பாரா? 1802 அக்டோபர் 25, தீபாவளி சமயம், படையோடு வந்து புனேவில் பேஷ்வா படையையும் சிந்தியா படையையும் நொறுக்கினார். பாஜிராவ் வீட்டை மட்டுமில்லை, ஊரையே விட்டு ஓடினார். டிசம்பர் 31-ல் வசாயில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம். கம்பெனிப் படையைத் தன் செலவில் வைத்துக்கொள்கிறேன், உங்களைக் கேட்காமல் யாரோடும் சண்டையோ உடன்படிக்கையோ செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துத்தான் 1803-ல் திரும்பி வந்தார். 1817 நவம்பரில் சனிவார் வாடாவில் ஆங்கிலேயர் கொடி ஏறியது. 1818-ல் வருடம் 8 லட்சம் பென்ஷன் வாங்கிக்கொண்டு பிட்டூர் போனார்.

ஆக அவரை வீட்டை விட்டுத் துரத்தியது அலறல் சத்தம் போட்ட பேய் இல்லை. அவர் கையாலேயே வாசலில் செய்து வைத்தது. மாமரம் நட்டதெல்லாம் தப்பான பேய்க்கு!

இந்தக் கண்டுபிடிப்பை ஒரு ராத்திரி தங்கமணியிடம் ரொம்பப் பெருமையாக அவிழ்த்து விட்டேன். பேயெல்லாம் மனப்பிரமை, உண்மைக் காரணம் வேறெங்கோ இருக்கும், நாமதான் தேடணும் என்று ஒரு சொற்பொழிவு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“காலைல எட்டு மணிக்குப் போறீங்க. ராத்திரி ஒன்பதுக்கு வர்றீங்க. எனக்கு மராத்தி தெரியாது, ஹிந்தியும் வராது. கீழ ஆஜி சொல்றதுல பாதி புரியாது. அந்தச் சத்தம் கேட்குதுன்னு சொன்னப்புறம்தான் நீங்க தினமும் மத்தியானம் ஒரு போன் பண்றீங்க.”

எனக்குப் பேச்சு வரவில்லை. போன் பண்ணிக்கொண்டிருந்தது நிஜம். ஆபீஸில் ஆணி பிடுங்குகிற நேரத்தில் ‘சத்தம் கேட்டுச்சா?’ என்று விளையாட்டாகக் கேட்பேன். அதற்கு முன்னால் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

“அப்போ சத்தம் கேட்கவே இல்லையா?”

“கேட்டுச்சு. அது வேற.”

பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பாதியில் போனால் அட்வான்ஸ் கிடையாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் அலைந்து நம்மவர்கள் நாலைந்து குடும்பம் இருந்த ஒரு கட்டடத்தில் வீடு பிடித்தேன். வாடகை ஒன்றரை மடங்கு. சாமான் ஏற்றிய அன்று வீட்டுக்காரர் வந்து பின்னறையைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில், உடைந்த தொட்டில், பித்தளைப் பாத்திரங்கள், மூட்டை மூட்டையாகப் பழைய நியூஸ்பேப்பர். எலிப் புழுக்கை நிறைய இருந்தது.

அதைத் தங்கமணியிடம் நான் சொல்லவில்லை.