திருச்சபைப் போதனையின் படிநிலைகளும் மனச்சான்றும்

கத்தோலிக்கத் திருச்சபையில் நம்பிக்கை, ஒழுக்கம் ஆகியவற்றைக் குறித்துத் திருத்தந்தையும் அவரோடு ஒன்றித்த ஆயர்களும் ஆற்றும் போதனைப்பணி 'ஆசிரியம்' எனப்படும். அதன் போதனைகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. இறைவெளிப்பாடு என அறிவிக்கப்பட்டதை விசுவாசத்தோடு ஏற்க வேண்டும். வெளிப்பாட்டோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது என இறுதியாகக் கற்பிக்கப்பட்டதை உறுதியாகப் பற்ற வேண்டும். இறுதி முடிவாக அறிவிக்கப்படாத போதனைக்கு அறிவாலும் மனத்தாலும் பணிய வேண்டும். மனச்சான்று குறித்த சர்ச்சைகள் பெரிதும் இம்மூன்றாம் படியில் எழுந்தவை.

இடைக்காலம்

தவறிய மனச்சான்றும் மனிதரைக் கட்டுப்படுத்தும் என்றார் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். தீமை என்று தாம் நம்புவதைச் செய்பவர், அது உண்மையில் தீமையல்ல என்றாலும், பாவமே செய்கிறார். அறிந்திருக்க வேண்டியதை அறியாமல் விட்டவருக்கோ மனச்சான்று சாக்காகாது.

19ஆம் நூற்றாண்டு

மனச்சான்றுச் சுதந்திரத்தைத் திருத்தந்தை 16ஆம் கிரகோரி 1832இல் 'மிராரி வோஸ்' சுற்றுமடலில் கண்டித்தார். முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஜூலை 18 அன்று திருத்தந்தையின் தவறாவரத்தை, அதாவது போதனையில் தவறாத வரத்தை, வரையறுத்தது. திருச்சபை முழுவதற்கும் மேய்ப்பர் என்ற முறையில் நம்பிக்கை அல்லது ஒழுக்கக் கோட்பாட்டை அவர் இறுதியாக அறிவிக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அதன்பின் இவ்வகை அறிவிப்பு ஒருமுறைதான் வந்தது: 1950இல், மரியாவின் விண்ணேற்பு.

இனிக் கத்தோலிக்கர் நாட்டுக்கு உண்மையாக இருக்க முடியுமா என்று முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1874இல் கேட்டார். ஆங்கிலேயக் கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் மறு ஆண்டு நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய திறந்த மடலில் பதிலளித்தார். திருத்தந்தையின் அதிகாரமே மனச்சான்றின் மீதுதான் நிற்கிறது என்ற அவர், தன் விருப்பப்படி நடப்பதை மனச்சான்று என்று அழைப்பதையும் மறுத்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம்

மனச்சான்றும் ஆயரின் அறிவுரையும் மோதிய நிகழ்வு ஒன்று இச்சங்கத்துக்கு முன்பே நடந்தது. ஹிட்லரின் படையில் பணியாற்ற மறுத்த ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டரை, மறுப்பைக் கைவிடும்படி அவருடைய ஆயரே அறிவுறுத்தினார். அவர் இணங்கவில்லை, 1943இல் கொல்லப்பட்டார். 2007இல் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

மூன்றாம் படிப் போதனைக்கு உரிய பணிவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் விளக்கியது. ஆவணத்தின் தன்மை, போதனை எத்தனை முறை வலியுறுத்தப்பட்டது, சொல்லப்பட்ட விதம் ஆகியவற்றைக் கொண்டு எடையை அறியலாம் என்றது. 1965இல் அது சமயச் சுதந்திரத்தை மனித உரிமையாக ஏற்றது. இது 1832இன் போதனையிலிருந்து முறிவு என்று கண்டு பேராயர் மார்செல் லெபெவ்ர் எதிர்த்தார்.

1968க்குப் பின்

செயற்கைக் கருத்தடையை விலக்கிய, திருத்தந்தை ஆறாம் பவுலின் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல் 1968 ஜூலையில் வெளிவந்தது. அது தவறாவரத்துடன் அறிவிக்கப்பட்டதல்ல என்று வத்திக்கான் செய்தியாளர் கூட்டத்திலேயே கூறப்பட்டது. ஜெர்மன், கனடா ஆயர்கள் தம்பதியரின் மனச்சான்றுக்கு இடமளித்து அறிக்கைகள் வெளியிட்டனர். வெளிப்படையாக மாறுபட்ட அமெரிக்க இறையியலாளர் சார்ல்ஸ் கரன், கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் தகுதியை 1986இல் இழந்தார்.

மனச்சான்று ஒழுக்க நெறியை உருவாக்குவதில்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1993இல் எழுதினார். 1998இல் இரண்டாம் படியைத் திருச்சபைச் சட்டத்தில் சேர்த்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் ஆவணம், மனச்சான்றைப் பயிற்றுவிப்பதே திருச்சபையின் பணி, அதன் இடத்தைப் பிடிப்பதல்ல என்றது. 1993இன் போதனை இன்னும் செல்லுமா என நான்கு கர்தினால்கள் அதே ஆண்டு எழுத்தில் கேட்டனர். பிரான்சிஸ் அவர்களுக்கு நேரடியாகப் பதில் தரவில்லை.