தட்டைக் கம்பி பிறந்த கதை

பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கும்போது ஃபிளாட்வவுண்ட் எனும் தட்டைக் கம்பியைப் பற்றி விசாரித்தால், பழைய பாட்டு வாசிக்கிறவர்களுக்கானது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதில் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. மின் பேஸ் வளர்ந்ததே தட்டைக் கம்பியோடுதான். இன்று எல்லாக் கடையிலும் தொங்குகிற ரவுண்ட்வவுண்ட், ஏறக்குறைய பதினைந்து ஆண்டு கழித்துத்தான் பேஸில் செல்வாக்குப் பெறத் தொடங்கியது.

1940-களின் அமெரிக்க நடனக்குழுக்களில் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ். பெரும்பாலும் ஆட்டுக்குடலைத் திரித்த நரம்புதான் அதில் பூட்டியிருக்கும். கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் வந்தபின் அதன் ஒலி அமுங்கிப்போனது. தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகள் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிக்க நீண்ட பயிற்சியும் வேண்டும். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் ஃபிரெட் வைத்த மின் பேஸ் செய்து விற்றார், பரவவில்லை. 1951-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனிலிருந்து வந்த லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ்தான் வழக்கத்தை மாற்றியது. 34 அங்குல ஸ்கேல், நான்கு கம்பிகள், டபுள் பேஸின் அதே சுருதி.

காந்த பிக்கப் இரும்பின் அசைவை உணருமே தவிர, வெறும் குடல் நரம்பு அதன் காதில் விழாது. ஆகவே உலோகக் கம்பி. ஆனால் அத்தனை தாழ்ந்த சுருதிக்காக ஒற்றை எஃகுக் கம்பியைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் அது விறைத்துவிடும், ஒலி கெட்டுவிடும். மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றினால் எடை ஏறும், நெகிழ்வும் போகாது. சுற்றுவது உருண்டைக் கம்பி என்றால் ரவுண்ட்வவுண்ட். உள்ளே உருண்டைக் கம்பியைச் சுற்றி, கடைசி அடுக்காக உலோக நாடாவைப் படியவைத்தால் ஃபிளாட்வவுண்ட். காஞ்சிப் பட்டின் ஜரிகையில் தட்டிய வெள்ளி இழை நூலைச் சுற்றிப் படிந்திருக்குமே, கிட்டத்தட்ட அந்தக் கட்டுமானம்தான்.

இந்த வழவழப்பால் விரல் நகரும்போது எழும் கீச்சொலி அடங்கியது, ஃபிரெட் தேய்வதும் குறைந்தது. ஒலியும் டபுள் பேஸை ஒட்டி நின்றது. நாடா சுற்றிய கம்பியில் மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். அடிச்சுரம் திரண்டு நிற்கும். ஃபெண்டர் அதோடும் விடவில்லை. பிரிட்ஜை மூடும் உலோக மூடிக்குள் நுரைத் துண்டு ஒன்றை வைத்துக் கம்பிகளை அழுத்தினார். தட்டியதும் ‘தும்’ என்று ஒலித்து உடனே ஓய வேண்டும் என்பதே அன்றைய விருப்பம்.

அந்த ‘தும்’ எவ்வளவு பேசும் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவில் பிறந்து, இளம் வயதில் டெட்ராய்ட்டுக்கு வந்து, டபுள் பேஸில் ஜாஸ் பழகியவர். மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் அவர் கையில் இருந்தது 1962-ம் வருடத்துப் பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா நிறுவனத்தின் கனத்த தட்டைக் கம்பிகள். கம்பி ஃபிரெட் பலகையிலிருந்து உயர்ந்தே நிற்கும். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே வேலை செய்யும். அறுந்தாலொழியக் கம்பியை மாற்ற மாட்டார். அதில் படிந்த அழுக்கில்தான் ஒலியின் உயிர் இருக்கிறது என்று நம்பினார்.

அவர் வாசித்த, ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘பெர்னடெட்’ பாட்டைக் கேளுங்கள். ஓரிடத்தில் நில்லாமல் பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும், பாடுகிறவரின் குரலை ஒருமுறைகூட இடிக்காது. ஜேமர்சனின் மேதைமைதான் முதல் காரணம். கம்பிக்கும் பங்கு உண்டு என்பேன். ஒவ்வொரு சுரமும் அழுத்தமாகத் தொடங்கிச் சட்டென்று ஒதுங்குகிறது; அடுத்ததன் மேல் படர்வதில்லை. அதே வேகத்தைப் பளபளக்கும் ரவுண்ட்வவுண்டில் வாசித்திருந்தால் குரலோடு மோதியிருக்கும். 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு உறையில் பெயர் வரும்வரை, அந்த ஒலியைக் கேட்டு ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்றே தெரியாது.

மாற்றம் இங்கிலாந்தில் நடந்தது. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் பேஸைப் பின்னால் நிறுத்த விரும்பவில்லை. பியானோவின் தாழ்சுரம்போல அது கணீரென்று ஒலிக்க வேண்டும் என்றார். மெல்லிய கம்பிக்காகவே டேன்எலக்ட்ரோ பேஸ் வாங்கினார். கம்பி தனியாகக் கிடைக்காததால் அறுந்தபோது கருவியையே மறுபடி வாங்கினார். அவருக்குக் கைகொடுத்தது ரோட்டோசவுண்ட் என்ற கம்பி நிறுவனம். அதை நிறுவிய ஜேம்ஸ் ஹவ், ‘தி தேர்ட் மேன்’ படத்தில் ஆன்டன் காராஸின் ஸிதர் இசையைக் கேட்டு மயங்கி, அந்தக் கருவிக்குக் கம்பி செய்யப் போய் இத்தொழிலுக்குள் வந்தவர். 1966-ல் என்ட்விசிலோடு சேர்ந்து உருவான ஸ்விங் பேஸ் ரவுண்ட்வவுண்ட் ராக் இசையின் அடித்தளத்தையே மாற்றியது.

அதற்கு விலையும் இருந்தது. ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் புகுந்து பளபளப்பு சில வாரங்களிலேயே மங்கும், ஃபிரெட் தேயும். ஃபிரெட் இல்லாத பேஸில் அதை மாட்டிய ஜாக்கோ பாஸ்டோரியஸ், மரம் அறுபடாமலிருக்க எபாக்ஸி பூச வேண்டியிருந்தது. மறுபக்கம், அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் ஹெவி மெட்டலின் அத்தனை இரைச்சலையும் தட்டைக் கம்பியில்தான் வாசிக்கிறார். தட்டைக் கம்பி மெல்லிசைக்கு மட்டும் என்பவர்கள் அவரைக் கேட்க வேண்டும்.

வாங்கப்போகிறவர் பிராண்டுக்கு முன்னால் இழுவிசையைப் பார்க்க வேண்டும். ஜேமர்சன் பெயரில் லா பெல்லா விற்கும் செட்டின் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 52 முதல் 110 வரை, நல்ல கனம். அதற்குக் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருத்த வேண்டும், கழுத்தின் முனையில் கம்பியைத் தாங்கும் நட்டில் பள்ளம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். வியன்னாவின் தோமாஸ்டிக் ஜாஸ் ஃபிளாட் 43 முதல் 100. தளர்வானது, நடுச்சுரங்கள் பாடும், விலைதான் அதிகம். ரவுண்டிலிருந்து முதல்முறையாக மாறுகிறவருக்கு டடாரியோ குரோம்ஸ் 45–100 செட்டைத்தான் நான் சொல்வேன். தட்டைக் கம்பிகளில் தெளிவாக ஒலிப்பது அது. எதை வாங்கினாலும் புதிதில் கொஞ்சம் கணகணக்கும். சில மாதம் வாசித்தபின்தான் உண்மையான குரல் வரும். அதற்குள் பிடிக்கவில்லை என்று கழற்றிவிடாதீர்கள்.