ஏற்றிவிடும் கை

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. இனித் தம்மால் ஆகாத காரியங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இனிமேல் மரம் ஏற முடியாது. ஆற்று வெள்ளத்தில் குதிக்க முடியாது. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போக முடியாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு செய்தித்தாளும்தான். என் நண்பர்களில் பலர் இந்தக் கழித்தல் கணக்கில் நிபுணர்கள். நானும் அவர்களுக்குச் சளைத்தவன் அல்ல.

ஆனால் சரித்திரத்தைப் புரட்டும்போது, இந்தக் கணக்குக்கு அடங்காத இன்பம் ஒன்று உண்டென்று தெரிகிறது. அது குதிரைச் சவாரி. ஓட்டக்காரனும் மல்லனும் நடுவயது வருமுன்பே களத்தை விட்டு விலகிவிடுகிறார்கள். குதிரை ஏறியவர்களோ அறுபதிலும் எழுபதிலும், ஏன், எண்பதிலும்கூட இறங்க மனமில்லாமல் இருந்திருக்கிறார்கள். "ஓடுவது குதிரைதானே, இவர்களுக்கு என்ன சிரமம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கிரேக்கப் பெரியவரிடம் போக வேண்டும்.

அவர் பெயர் செனபோன். ஏதென்ஸ் நகரத்துக்காரர், சாக்ரடீஸைச் சூழ்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர். கி.மு. 401இல், பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணனுடைய சிம்மாசனத்தைப் பறிக்கக் கூலிப்படை திரட்டியபோது, அந்தப் படையோடு புறப்பட்டுப் போனார். சைரஸ் போர்க்களத்தில் மாண்டான். கிரேக்கத் தளபதிகளைப் பாரசீகர்கள் வஞ்சகமாகப் பிடித்துக் கொன்றார்கள். அந்நிய மண்ணின் நடுவே தலைவன் இல்லாமல் நின்ற சுமார் பதினாயிரம் பேரைக் கருங்கடல் வரை நடத்திக்கொண்டு வந்த புதிய தலைவர்களில் செனபோனும் ஒருவர்.

அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவரே எழுதிவைத்த வரலாற்றில் குதிரை சம்பந்தமான இரண்டு நிகழ்ச்சிகள் வருகின்றன. ஒரு குன்றின் உச்சியை எதிரிக்கு முன்னால் போய்ப் பிடித்தாக வேண்டும். செனபோன் குதிரைமேல் இருந்தபடி வீரர்களை விரைவுபடுத்துகிறார். சோட்டெரிடாஸ் என்ற சிப்பாய், "நீர் குதிரைமேல் சவாரி செய்கிறீர், நான் கேடயத்தைச் சுமந்து சாகிறேன்" என்ற பொருள்பட முறையிடுகிறான். செனபோன் கீழே குதித்து, அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு, அவன் கேடயத்தைத் தாமே வாங்கிக்கொண்டு நடக்கிறார். குதிரைவீரனுக்குரிய கவசத்தோடு கேடயமும் சேர்ந்து அழுத்துகிறது. மற்ற வீரர்களுக்குப் பொறுக்கவில்லை. சோட்டெரிடாஸை அடித்தும் திட்டியும் அவன் கேடயத்தை அவனே திரும்ப வாங்கிக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி பிரயாணத்தின் முடிவில் நடக்கிறது. கையில் காசில்லாமல், லாம்ப்சாகஸ் என்ற ஊரில் தம் குதிரையை 50 பொற்காசுகளுக்கு விற்றுவிடுகிறார். அவருக்கு அந்தக் குதிரைமேல் எவ்வளவு ஆசை என்று அறிந்த இரண்டு பேர் அதை மீட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பணம் வாங்க மறுத்துவிடுகிறார்கள். அந்த இருவர் பெயரையும் செனபோன் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். நன்றி மறவாத மனிதர் என்பதில் சந்தேகமில்லை.

பின்னால் ஏதென்ஸ் அவரை நாடு கடத்தியது. ஸ்பார்ட்டா தேசத்தார் ஒலிம்பியாவுக்கு அருகே கொடுத்த பண்ணையில் பல ஆண்டுகள் வேட்டையும் எழுத்துமாகக் காலம் கழித்தார். கி.மு. 371இல் ஸ்பார்ட்டா தோற்றபோது அந்தப் பண்ணையும் கைவிட்டுப் போயிற்று. அவருடைய இரண்டு மகன்களும் ஏதென்ஸின் குதிரைப்படையில் சேர்ந்தார்கள். கி.மு. 362இல் மூத்தவன் கிரில்லஸ் போரில் இறந்தான். ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான், அறுபது வயதைக் கடந்துவிட்ட செனபோன், தம் இளம் நண்பர்களுக்காகக் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குதிரை நூல்களில் அது ஒன்று.

அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் கொஞ்சநஞ்சமல்ல. போர்வீரர் எழுதிய நூலாயிற்றே, குதிரையை அடக்குவது எப்படி என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குதிரைக்குக் கோபம் உதவாது என்கிறார். கோபத்தில் செய்த காரியத்துக்குப் பின்னால் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறார். வழியில் எதையாவது பார்த்துக் குதிரை மிரண்டால் அடிக்கக் கூடாது. அடித்தால், அந்தப் பொருள்தான் தன்னைத் துன்புறுத்துகிறதென்று அது நினைத்துக்கொண்டு இன்னும் மிரளும். மெதுவாக அருகே அழைத்துப் போய், பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். பலவந்தத்தால் குதிரை செய்யும் காரியத்தில் அழகு இருக்காது. நாட்டியக்காரனைச் சாட்டையால் அடித்து ஆடவைத்தால் அழகு வருமா என்று கேட்கிறார்.

இங்கேதான் நாம் தேடிய மீதிப் பாதி இருக்கிறது. குதிரை கேட்பது பலத்தை அல்ல. எவ்வளவு பலசாலியானாலும் மனிதன் அதற்கு ஈடாக மாட்டான். அது கேட்பது நிதானத்தை, அவசரப்படாத கையை, பயத்தைப் பார்த்துக் கோபப்படாத மனத்தை. இருபது வயதில் இவை அபூர்வம். அறுபது வயதில், வாழ்க்கை நம்மைச் சரியாகப் பழக்கியிருந்தால், கொஞ்சமாவது இருக்கும். வயது எடுத்துக்கொள்வதை மட்டும் எண்ணுகிறோமே தவிர, கொடுப்பதை யார் எண்ணுகிறார்கள்?

அதற்காக, முதுமையில் எல்லாம் முடியும் என்று செனபோன் வாய்வீச்சுப் பேசவில்லை. குட்டிக் குதிரையைப் பழக்குவது வயதானவன் வேலையல்ல, அதை அதற்கென்று உள்ள ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். அந்தக் காலத்தில் அங்கவடி கிடையாது. கால் வைத்து ஏற வழியில்லை. (சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே குதிரைமேல் வீற்றிருக்கும் கவர்னர் மன்றோவின் சிலையைப் பார்த்தவர்களுக்கு அங்கவடி இல்லாத சவாரி எப்படி என்று தெரிந்திருக்கும்.) ஈட்டியை ஊன்றியோ பிடரி மயிரைப் பற்றியோ தாவித்தான் ஏற வேண்டும். ஆகையால், பாரசீகர்கள் வழக்கப்படி எஜமானைத் தூக்கி ஏற்றிவிடக் குதிரைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எஜமானுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ வயதாகிவிட்டாலோ அது உதவும் என்று எழுதுகிறார். ஒரு வரிதான். அதில் வெட்கமும் இல்லை, புலம்பலும் இல்லை. கடிவாளத்தையும் குளம்பையும் பற்றிச் சொல்வதுபோலவே முதுமையையும் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அந்த ஒரு வரியின் அருமை எனக்குக் கொடைக்கானலில் தெரிந்தது. ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகள் நிற்கும். அவற்றில் ஒன்றின்மேல் என் நாற்பத்துநாலாவது வயதில் ஏறினேன். "சார், இடது காலை வளையத்துல வையுங்க. நான் தூக்கி விடுறேன்" என்றார் குதிரைக்காரர். என் வயதில் பாதிகூட இருக்காது. சுற்றிலும் சிறுவர்கள் தாமாகவே தொற்றி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் கை என் பாதத்தைத் தாங்கித் தூக்கிய கணத்தில் காது மடல் வரை சூடேறியது. ஆனால் மேலே உட்கார்ந்து பத்து அடி போனதும், அத்தனை உயரத்திலிருந்து ஏரியைப் பார்த்ததும், குதிரையின் மூச்சு என் முழங்காலுக்குக் கீழே விரிந்து சுருங்குவதை உணர்ந்ததும், எப்படி ஏறினேன் என்பதே மறந்துபோயிற்று.

அப்படி மறந்துபோவதைப் பற்றித்தான் எனக்குப் பின்னால் யோசனை வந்தது. யோசிக்க வைத்தவர்கள் இன்னும் இரண்டு பேர்.

ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளர் மான்டேன். 1533இல் பிறந்தவர். நாற்பத்தைந்து வயதையொட்டிச் சிறுநீரகக் கல் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் வலியைப் பட்டவர்கள் அறிவார்கள். அந்த வியாதியோடு 1580 ஜூன் மாதம் வீட்டை விட்டுக் கிளம்பி, சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் கடந்து ரோமாபுரி வரை போய், 1581 நவம்பரில் திரும்பினார். பெரும்பாலும் குதிரைமேல் பிரயாணம். மணிக்கணக்கில் சேணத்தில் இருந்தாலும் தமக்கு அலுப்பதில்லை என்றும், நல்ல யோசனைகள் குதிரைமேல்தான் தோன்றுகின்றன என்றும், விருப்பப்படி சாகலாம் என்றால் கட்டிலைவிடக் குதிரைமேல் சாவதே மேல் என்றும் எழுதியவர் அவர். வலி அவரை விட்டுப் போகவில்லை; ஆனால் வலி மட்டுமே அவர் வாழ்க்கை என்று ஆகவும் இல்லை.

மற்றவர் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன். பதவிக்காலம் முடிந்ததும் வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற குன்றின்மேல் இருந்த தம் மாளிகையில் குடியேறினார். நாள் தவறாமல் சவாரி செய்வார். 1822இல், எழுபத்தொன்பது வயதில், படியிலிருந்து விழுந்து இடக்கை முறிந்தது. அப்போதும் சவாரியை விடவில்லை. கடைசிக் காலத்தில் தரையில் நின்று ஏற முடியவில்லை. குதிரையை மேடைத் தளத்தின் ஓரமாக நிறுத்தச் செய்து, அந்த உயரத்திலிருந்து சேணத்துக்கு இறங்கி உட்காருவாராம். அந்தக் குதிரையின் பெயர் ஈகிள். துணைக்கு ஓர் ஆளை அனுப்பக் குடும்பத்தார் எவ்வளவோ பார்த்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை, சின்ன வயதிலிருந்து தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டவர் என்பது அவருடைய எண்ணம். 1826 ஜூலை 4ஆம் தேதி, எண்பத்துமூன்றாவது வயதில் இறந்தார்.

தாமே பார்த்துக்கொண்டாரா? மான்டிசெல்லோவின் லாயங்களையும் தோட்டத்தையும் கவனித்து வந்தவர் வோர்ம்லி ஹியூஸ் என்பவர். 1781இல் பிறந்தவர், அடிமை. பண்ணையில் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் உழைப்பில்தான் அந்த மாளிகையும் வயலும் லாயமும் நடந்தன. ஜெபர்சன் இறந்ததும் அவருக்குக் குழி வெட்டியவரும் ஹியூஸ்தான். எஜமானின் கடனை அடைக்க 1827 ஜனவரியில் அந்த அடிமைகளை ஏலம் போட்டார்கள். ஹியூஸைச் சும்மா விட்டுவிட்டார்கள். அவருடைய மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் ஏலத்தில் போனார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.

இதைப் படித்த பிறகு நான் செனபோனின் நூலை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். தம்மை எதிர்த்துப் பேசிய சிப்பாயின் பெயரை எழுதிவைத்தவர் அவர். குதிரையை மீட்டுக் கொடுத்தவர்களின் பெயரை எழுதிவைத்தவர். தமக்கு முன்னால் குதிரை நூல் எழுதிய சைமன் என்பவரின் பெயரையும் மரியாதையோடு குறிப்பிடுகிறார். ஆனால் வயதான காலத்தில் எஜமானைத் தூக்கி ஏற்றிவிட வேண்டிய அந்தக் குதிரைக்காரனுக்கு அந்த நூலில் பெயர் இல்லை. அவனும் அடிமையாகத்தான் இருந்திருப்பான். குதிரையின் பயத்தைப் புரிந்துகொண்டவருக்கு, அதன் கடிவாளத்தைப் பிடித்து நின்றவன் கண்ணில் படவில்லை. மிருகத்திடம் காட்டிய பரிவு மனிதன் வரை நீளவில்லை என்பது அந்த அழகிய நூலில் உள்ள ஒரு ஓட்டை. சரித்திரத்தில் அது சின்ன ஓட்டையும் அல்ல.

நம் காலத்து உதாரணம் ஒன்று மனத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் தருகிறது. ஹிரோஷி ஹோகெட்சு என்ற ஜப்பானியர் 1941இல் பிறந்தவர். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையில் தடை தாண்டும் போட்டியில் கலந்துகொண்டார். பிறகு கம்பெனி உத்தியோகம், குடும்பம் என்று ஆண்டுகள் ஓடின. ஆனாலும் சவாரியை விடவில்லை. தாண்டுவதை விட்டுவிட்டு, 'டிரஸ்ஸாஜ்' என்ற பிரிவுக்கு மாறினார். அதில் ஓட்டமும் இல்லை, தாண்டலும் இல்லை. சவாரி செய்பவர் பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி கொடுக்கும் நுட்பமான சைகைகளுக்கு இணங்கிக் குதிரை நாட்டியம்போல் அடிவைக்க வேண்டும். செனபோன் சொன்ன அதே அழகுதான். 1988இல் ஒலிம்பிக் வாய்ப்புக் கிடைத்தும், குதிரைக்குத் தொற்றுத்தடை அனுமதி கிடைக்காததால் போக முடியாமல் போயிற்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் ஜெர்மனியில் ஆகன் நகருக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 2008இல், அறுபத்தேழு வயதில், 44 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ஒலிம்பிக் களத்தில் இறங்கினார். 2012இல் லண்டனில், எழுபத்தொரு வயதில், விஸ்பர் என்ற பெண்குதிரையோடு போட்டியிட்டார். பதக்கம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் பெரிதாக வருந்தியதாகவும் தெரியவில்லை.

செனபோன் சொன்னபடியே, வயதுக்கு ஒவ்வாததை விட்டுவிட்டு, வயது கொடுத்ததை வைத்துக்கொண்டு மேலே போனவர் அவர். அவருக்கும் ஏற்றிவிடும் கைகள் இருந்தன. கற்றுக்கொடுத்த ஆசிரியர், குதிரையைப் பார்த்துக்கொண்டவர்கள், ஜப்பானில் தனியே இருந்த மனைவி எல்லாரும் அவருக்குத் துணை. ஆனால் அவர்களில் யாரும் யாருக்கும் உடைமை அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலான சவாரியில் மனிதன் கடந்த தூரம் என்று ஒன்றைச் சொல்வதென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

வயது ஏற ஏற, நமக்கு இன்பம் தருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும். படி ஏற ஒருவர். பஸ்ஸில் இடம் விட ஒருவர். புத்தகத்தின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல ஒருவர். அந்தக் கையைப் பிடித்துக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை என்பதைச் செனபோன் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்கு ஒரு பெயர் உண்டு, வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு என்பதை வோர்ம்லி ஹியூஸ் கற்றுக்கொடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால், சாய்வு நாற்காலிக்குப் போவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.