அருப்புக்கோட்டைச் சீமையில் பச்சை குத்திய கதை

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மாதிரி டாட்டூ போட்டுக்கொண்டு வருவதும், அதைப் பார்த்து வீட்டில் சத்தம் கிளம்புவதும் இப்போது சகஜமாகிவிட்டது. "இதெல்லாம் நம்ம பழக்கமா?" என்று கேட்கும் பெற்றோர் தங்கள் பாட்டியின் கையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால், அந்தக் கையில் ஒரு கோலமோ, தேளோ, அண்ணன் பெயரோ பச்சையாக இருந்திருக்கும். பழக்கம் நம்முடையதுதான். நடுவில் ஒரு தலைமுறை அதை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் இனப் பெண்கள். கூடை முடைந்து விற்பது, குறி சொல்வது, பச்சை குத்துவது என்று ஊர் ஊராக நடந்தவர்கள். அவர்கள் மை தயாரித்த விதத்தை 1900-களின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாகச் சுருட்டுவார்கள். அந்தத் திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டியதுதான் கருவி. குத்தி முடித்ததும் மஞ்சள் பூசுவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் பாடுவார்கள். கூலி தானியமாகவோ பழைய துணியாகவோ சில்லறையாகவோ கிடைக்கும். தோலுக்கடியில் போன கரி, மேலிருந்து பார்க்கும்போது பச்சையும் நீலமும் கலந்த நிறமாகத் தெரியும். பெயர் வந்தது அப்படித்தான்.

வாசலில் போட்ட புள்ளிக் கோலமே கையிலும் ஏறியது. ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1937-இல் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் ஒன்றாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். வாசலில் போட்ட கோலம் மறுநாள் அழிந்துவிடும். கையில் போட்டது கடைசிவரை இருக்கும். செத்தால் நகை கூட வராது, பச்சைதான் கூட வரும் என்பது நம் கிராமங்களில் மட்டுமல்ல, இந்தியாவின் பல பகுதிகளிலும் உள்ள நம்பிக்கை. கணவன் இறந்ததும் தாலியைக் கழற்றிய சமூகத்தில், கையில் குத்திய கணவன் பெயரை யாராலும் கழற்ற முடிந்ததில்லை.

உடலில் இருக்கும் இந்த அழியாத எழுத்தின் மீது அரசாங்கத்துக்கும் கண் விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1797-இல் வங்காளத்தில் ஒரு விதி கொண்டுவந்தது. ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்த வேண்டும் என்பது அந்த விதி. பிறகு சென்னை மாகாணத்திலும் இது வந்தது. 1849-இல்தான் ஒழிந்தது.

அதன் பிறகு அரசு பச்சை குத்தவில்லை. ஏற்கெனவே குத்தியிருந்த பச்சையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். அவர்களுடைய பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், ஊர், வயது, உயரம் ஆகியவற்றோடு உடல் அடையாளம் என்றும் ஒரு பத்தி உண்டு. ஊரில் ஆசையாகக் குத்திக்கொண்ட பச்சை அங்கே ஆளைப் பிடிக்க உதவும் குறிப்பாகிவிட்டது. உங்கள் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு மச்சங்களை எழுதியிருப்பார்களே, அந்தப் பத்தியும் இதற்கு உறவுதான்.

ஊருக்கெல்லாம் அடையாளம் போட்ட குறவர்களையும் அரசு விடவில்லை. 1911-க்குப் பிறகு குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குறவர்களும், வேறு பல சமூகங்களும், பிறந்த இனத்தின் பேரால் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. மதுரை, இராமநாதபுரம் சீமை மக்கள் அதை எதிர்த்துப் போராடிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீங்கியது.

அருப்புக்கோட்டைக்கு இந்தக் கதையில் இன்னொரு இடமும் உண்டு. 1972-இல் அ.தி.மு.க.வைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., அந்தப் பத்தாண்டிலேயே, தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கறுப்பு சிவப்புக்கு நடுவே அண்ணா நிற்கும் கொடி அது. கட்சிக்குள்ளேயே இதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் நண்பர்களோடு கூட்டமாகப் போய் ஆசையோடு குத்திக்கொண்டவர்களும் ஏராளம். 1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. அந்த வெற்றியோடுதான் முதலமைச்சர் ஆனார். அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். அவர்கள் கையில் கொடி மங்கியிருக்கும், மறைந்திருக்காது.

பிறகு ஏன் வழக்கம் தேய்ந்தது? பள்ளிக்கூடமும் பட்டண வேலையும் பச்சையைப் பட்டிக்காட்டுத்தனம் ஆக்கின. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் பலருக்கும் ஒரே ஊசி என்றாலே பயம் வந்தது. அந்தப் பயம் நியாயமானது. குத்தும் பெண்களுக்கோ பிழைப்பு போயிற்று.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். பச்சை நல்லதா கெட்டதா என்பதை விட, யார் சொல்லி அது உடம்பில் ஏறியது என்பதே முக்கியம். தோழியோடு உட்கார்ந்து தானாகக் கை நீட்டியவளுக்கு அது நகை. நெற்றியைப் பிடித்துக் குத்தப்பட்ட கைதிக்கு அது விலங்கு. தலைவர் சொன்னதற்காகக் குத்திக்கொண்டவர்களில் இரண்டு வகையும் இருந்திருப்பார்கள். ஆகவே நண்பர்களோடு டாட்டூ போடக் கிளம்பும் பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "உனக்கே ஆசையா, எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காகவா?" என்பதுதான். கூடவே, புது ஊசியா என்றும், ராணுவத்துக்கோ காவல்துறைக்கோ போகும் எண்ணம் இருந்தால் அங்கே எந்த இடத்து டாட்டூவை ஏற்பார்கள் என்றும் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வெட்டைப் படியெடுக்கலாம், ஓலைச்சுவடியைப் பிரதி எடுக்கலாம். பாட்டியின் கைக்கோலம் பாட்டியோடு போய்விடும். அவர் சம்மதித்தால் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். எந்த ஊரில், எந்த வயதில், யாரோடு உட்கார்ந்து குத்திக்கொண்டார், குத்திய பெண் என்ன பாட்டுப் பாடினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்கும்போது பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.